பிரைமர் பண்டிதர் வெண்டல் கோவாச்

மில்பர்ன் ஊரில் யாருக்காவது தோட்டா வெடிக்காமல் போனால், மருத்துவ ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரைத் தேடிப் போவதுபோல அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெண்டல் கோவாச் வீட்டுக்குப் போவார்கள். வெண்டல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தோட்டாவை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பார்ப்பதெல்லாம் சும்மா ஒரு மரியாதைக்குத்தான். தீர்ப்பு எப்போதும் ஒன்றே.

"என்ன பிரைமர் போட்ட?"

"நீல டப்பா."

"அப்புறம் எப்படி வெடிக்கும்?"

வந்தவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்புவார். ஓஹையோவின் அந்த மூலையில், ஏரிக்காற்று அடிக்கிற அந்தச் சின்ன ஊரில், இருபது வருஷமாக நீல டப்பா பிரைமரை அநேகமாக யாரும் கையால் தொடவில்லை. கடைக்காரரே வாங்கி வைப்பதை நிறுத்திவிட்டார். அந்தக் கம்பெனிக்கு வெண்டல் என்று ஒருவர் இருப்பதே தெரியாது என்பது வேறு விஷயம்.

பிரைமர் என்பது பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. தோட்டாவின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் துவரம்பருப்பு அளவில் ஒரு சின்ன உலோகக் கிண்ணத்தைப் பதிப்பார்கள். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி பறக்கும், உள்ளே இருக்கும் மருந்து பற்றும், குண்டு கிளம்பும். பிள்ளைகள் கல்லை வைத்துக் குத்துகிற பொட்டு வெடியும் இதே ஜாதிதான், என்ன, இது கொஞ்சம் படித்த ஜாதி. கடைத் தோட்டா கட்டுப்படியாகாது, கட்டுப்படியானாலும் மனசுக்குப் பிடிக்காது என்று குறி பார்த்துச் சுடுகிறவர்கள் காலித் தோட்டாக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வார்கள். அதில் மருந்தைப் பற்றி ஒருவர் பேசுவார், குண்டைப் பற்றி ஒருவர் பேசுவார். வெண்டல் பிரைமரைப் பற்றி மட்டும் பேசுவார். பேச ஆரம்பித்தால் காபி ஆறும், அப்புறம் ஊசிப்போகும்.

முப்பத்துநாலு வருஷம் வீடு வீடாகப் போய் வெந்நீர் அடுப்பும் குளிர்கால ஹீட்டரும் பழுது பார்த்த மனிதர். ஓய்வு பெற்றதும் நிலவறையை ஆராய்ச்சிக்கூடமாக்கிவிட்டார். சிவப்பு டப்பா, வெள்ளை டப்பா, பச்சை டப்பா என்று அலமாரியில் தனித்தனித் தட்டு. எந்த மாதம், எந்தக் குளிரில், எந்தப் பொட்டு எப்படிச் சத்தம் போட்டது என்று பதினோரு நோட்டுப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கிறார். கல்யாண நாளை அவர் எந்தப் புத்தகத்திலும் குறித்து வைக்கவில்லை என்பது மனைவி மார்லீனின் நெடுநாளைய புகார்.

"யோவ் வெண்டல், சத்தத்துல என்னய்யா வித்தியாசம்? எல்லாம் டப்பு டப்புன்னுதான் கேக்குது."

"உனக்கு அப்படித்தான் கேக்கும். பச்சை டப்பா 'டப்'புன்னு முடிஞ்சுரும். சிவப்பு 'டப்ப்'னு ஒரு இழுப்போட நிக்கும்."

"எனக்கு நீ பேசறதே அந்த இழுப்போடதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்கு ஏறிப் போய்விடுவாள்.

ஆராய்ச்சியின் போக்கு இப்படி இருந்தது. முதலில் நீல டப்பா கெட்டது என்று தள்ளினார். பச்சைக்கு மாறினார். நாலைந்து வருஷத்தில் பச்சையிலும் அங்கொன்றும் இங்கொன்றும் வெடிக்கவில்லை. உடனே பச்சையும் கெட்டுப்போன கம்பெனி ஆயிற்று. வெள்ளைக்கு மாறினார். வெள்ளையும் காலை வாரியது. மூன்று கம்பெனிகளும் அமெரிக்கா முழுக்க லட்சக்கணக்கில் விற்று, எல்லோருக்கும் வெடித்து, வெண்டல் ஒருவருக்கு மட்டும் சதி செய்தன. கடைசியில் எஞ்சியது சிவப்பு டப்பா. அதைத் தலையில் வைத்துக் கூத்தாடினார். இரண்டாயிரத்து இருபத்தொன்றில் நாடு முழுக்க பிரைமர் பஞ்சம் வந்தபோது, ஆளுக்கு ஒரு டப்பா என்று கடையில் சொல்லிவிட்டதால் மார்லீனையும் கூட்டிக்கொண்டு போய் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பதுபோல வரிசையில் நிறுத்தினார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன்பின் தெரியாதவள் மாதிரி நில்லு என்றும் சொல்லி வைத்தார்.

"அதுல எனக்கு ஒண்ணும் கஷ்டமே இல்லய்யா" என்றாள் மார்லீன்.

சிவப்பு டப்பாவைக் கையாள்வதில் வெண்டலுக்கு ஒரு பக்தி இருந்தது. டி.வி.யில் பேஸ்பால் ஓட, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, கை இடுக்கி போன்ற ஒரு கருவியால் ஒவ்வொரு பொட்டாகக் குழிக்குள் இறக்குவார். கட்டைவிரலால் நெம்புகோலை அழுத்தினால் பொட்டு உள்ளே போகும். மற்றவர்கள் அது குழியின் அடியைத் தொடும்வரை நறுக்கென்று அழுத்துவார்கள். வெண்டல் அழுத்தமாட்டார். உள்ளே இருக்கிற ரசாயனம் பூ மாதிரி, நசுக்கினால் செத்துப்போகும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யாரும் கேட்காமலேயே அதை எல்லோருக்கும் சொல்வார்.

இவ்வளவும் எதற்கு? ஒரு அட்டைக்காக. துப்பாக்கி சுடுகிறவர்களை அங்கே தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'எக்ஸ்பர்ட்' என்பது ஒரு படி. அதற்கு மேலே 'மாஸ்டர்'. சராசரிப் புள்ளி எல்லையைத் தாண்டினால் சங்கத்திலிருந்து தபாலில் ஒரு சின்ன அட்டை வரும். வெண்டல் இருபத்தெட்டு வருஷமாக எக்ஸ்பர்ட். கைக்கு எட்டும் தூரத்தில் நின்றுகொண்டு அந்த அட்டை அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. கை நடுங்க ஆரம்பிப்பதற்குள் அதை வாங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

இரண்டாயிரத்து நாலில் அது கிடைத்திருக்க வேண்டும். கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஆர்லோ பெனடெக் என்பது வெண்டலின் வரலாற்றில் அசைக்க முடியாத உண்மை.

ஆர்லோ கூரை வேலைக்காரர். இருவரும் ஒரே ட்ரக்கில் போட்டிக்குப் போய், ஒரே சாண்ட்விச்சைப் பிய்த்துத் தின்றவர்கள். வெள்ளிக்கிழமை இரவானால் இரண்டு ஜோடியும் ஆர்லோ வீட்டில் சீட்டு ஆடும். ஆர்லோவின் மனைவி லூயிஸ் வெண்டலுக்கென்று தனியாக உருளைக்கிழங்கை உள்ளே வைத்துப் பிரோகி என்கிற கொழுக்கட்டை செய்து, வெங்காயத்தைக் கருக விட்டு வைப்பாள், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று. அந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு முந்தின வாரம் வெண்டலிடம் பிரைமர் தீர்ந்துபோயிற்று. ஆர்லோ தன்னிடமிருந்த நீல டப்பா ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. போட்டியில் வெண்டலுக்கு மூன்று தோட்டாக்கள் வெடிக்கவில்லை. மறுபடி குத்தியபோது மூன்றும் வெடித்தன. 'ஒரே குத்தில் வெடிக்காத கல்லுப் பிரைமர்' என்று வெண்டல் அங்கேயே முடிவு கட்டினார். அட்டை போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். எல்லோருக்கும் முன்னால், "தெரிஞ்சேதான் கெட்டுப்போன டப்பாவ என் தலையில கட்டியிருக்க. நான் மாஸ்டர் ஆயிட்டா உனக்கு வயித்தெரிச்சல்" என்று கத்தினார். ஆர்லோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். வெண்டல் காது கொடுக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆர்லோவை நாற்பது மைல் தொலைவில் விட்டுவிட்டுப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. ஒரே கிளப், ஒரே சனிக்கிழமை. வெண்டல் முதல் மேஜையில் நின்றால் ஆர்லோ கடைசி மேஜையில் நிற்பார். எட்டு வருஷத்துக்கு முன்னால் லூயிஸ் புற்றுநோயில் இறந்துபோனாள். அடக்கத்துக்கு மார்லீன் மட்டும் போனாள். கறுப்பு கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கால் மணி நேரம் காத்திருந்தாள். வெண்டல் நிலவறையை விட்டு மேலே வரவில்லை. கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா!

போன மே மாதம் கிளப்பில் வசந்தகாலப் போட்டி நடந்தது. தொண்ணூறு தோட்டா, தொள்ளாயிரம் புள்ளி. வெண்டலின் கணக்குப்படி எண்ணூற்று அறுபது எடுத்தால் சராசரி எல்லையைத் தாண்டும், அட்டை தபாலில் கிளம்பும். காலையில் காற்றே இல்லை. ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. வெண்டலுக்குக் கை இரும்பு மாதிரி நின்றது. எண்பது தோட்டா முடிந்தபோது எழுநூற்று அறுபத்தேழு வைத்திருந்தார். கடைசிப் பத்தில் தொண்ணூற்று மூன்று போதும். அவர் தூக்கத்தில் எடுக்கிற எண்ணிக்கை அது.

கடைசிப் பத்து வேகச் சுற்று. பத்து விநாடியில் ஐந்து, மறுபடியும் பத்து விநாடியில் ஐந்து. மைக்கில் ஆணை கொடுத்துக்கொண்டிருந்தவள் ரோண்டா மிக்லிச். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை வாயாலேயே உட்கார வைக்கிறவளுக்கு இருபது கிழவர்கள் எந்த மூலை?

இலக்குப் பலகைகள் திரும்பின. வெண்டல் சுட்டார். பத்து. மறுபடி சுட்டார். ஒன்பது. மூன்றாவதுக்குச் சுத்தியலை இழுத்து விசையைத் தொட்டார்.

க்ளிக்.

அவ்வளவுதான் சத்தம். பதினோரு நோட்டுப் புத்தகத்திலும் அந்தச் சத்தத்துக்கு மட்டும் வர்ணனை இல்லை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தோட்டா மக்கர் செய்தால் கையைத் தூக்கலாம். அதை 'அலிபை' என்பார்கள். அதிகாரி வந்து பார்த்து ஒப்புக்கொண்டால் அந்த ஐந்தையும் மறுபடி சுடலாம். ஆனால் பலகையில் விழுந்த ஓட்டைகளில் மோசமான பத்தைத்தான் எண்ணுவார்கள். சலுகையும் கொடுத்து, தலையில் ஒரு குட்டும் வைக்கிற ஏற்பாடு.

வெண்டல் கையைத் தூக்கினார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"சிவப்பு டப்பாவும் கெட்டுப்போச்சும்மா, ரோண்டா" என்றார், வீட்டில் சாவு விழுந்த குரலில். "இனிமே இந்த நாட்டுல எதை நம்பறது?"

ரோண்டா வெடிக்காத தோட்டாவை வாங்கிப் பார்த்தாள். பிறகு, பஸ்ஸில் பிள்ளைகளின் பையைத் திறக்கச் சொல்கிற தோரணையில், அவருடைய பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். தலைகீழாக நின்ற தோட்டாக்களின் அடிப்புறத்தில் ஆள்காட்டி விரலை வைத்து ஒரு தடவு தடவினாள். பிறகு இன்னொரு தடவு.

"வெண்டல், உங்க விரல இங்க வைங்க."

"எதுக்கு?"

"வைங்கன்னு சொல்றேன்ல."

வைத்தார். தட்டையாக, ஒரு மயிரிழை உள்வாங்கி இருக்க வேண்டிய பொட்டுகள் விரலில் முட்டின. எல்லாம் இல்லை. பத்தில் மூன்று நான்கு. பாத்திரத்தில் சரியாக மூடாத மூடி மாதிரி மேலே நின்றன.

"அடி வரைக்கும் இறங்கல. ஊசியோட மொத்த அடியும் பொட்ட உள்ள தள்றதுக்கே செலவாயிருது. அப்புறம் பொறி எங்கேருந்து வரும்? ரெண்டாவது குத்துல எல்லாம் வெடிக்குமே?"

"வெடிக்கும்" என்றார் வெண்டல், வாய் தானாகச் சொல்லிற்று.

"மொதக் குத்து நீங்க செய்யாம விட்ட வேலைய செய்யுது. பிரைமர் பாவம், அது என்ன பண்ணும்? இப்படி நீட்டிக்கிட்டு நிக்கறத லைன்ல வெச்சுக்க விடமாட்டேன், ஆபத்து. வேற தோட்டா பாருங்க. ரெண்டு நிமிஷம் தரேன்."

வெண்டலுக்கு அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. மனம் பின்னோக்கி ஓடியது. வெள்ளை டப்பா, இரண்டாவது குத்தில் வெடித்தது. பச்சை டப்பா, இரண்டாவது குத்தில் வெடித்தது. நீல டப்பாவும் அப்படித்தான். நான்கு கம்பெனி மாறியிருக்கிறது, கட்டைவிரல் மட்டும் மாறவில்லை. ஹீட்டர் எரியவில்லை, கேஸ் கம்பெனி மோசம் என்று புலம்பிய எத்தனை பேரை, குழாயைத் திறக்காமல் விட்டதைக் காட்டி அவர் கேலி செய்திருப்பார்! வெட்கம் காது மடல் வரைக்கும் சுட்டது.

ரோண்டா மைக்கில் கேட்டாள்: "யார்கிட்டயாவது முப்பத்தெட்டு ரிவால்வர் தோட்டா பத்து இருக்கா?"

கிளப்பில் எல்லோரும் நவீனமாகி வேறு துப்பாக்கிக்குப் போய்ப் பல வருஷமாகிறது. இன்னும் பழைய முப்பத்தெட்டைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் மேஜை. இன்னொருவர் கடைசி மேஜை. அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் இருபது பேரும் தத்தம் காலணியை ஆராய ஆரம்பித்தார்கள்.

ஆர்லோ வந்தார். என்றோ கூரையிலிருந்து விழுந்து அடிபட்ட இடுப்பை இழுத்து இழுத்து நடந்து வந்தார். பத்து தோட்டாக்களை மேஜையில் வரிசையாக நிற்க வைத்தார்.

"நீல டப்பா" என்றார். "வேணும்னா சுடு. வேண்டாம்னா வெச்சுரு."

பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் பேசிய முதல் பேச்சு அது. திரும்பி நடந்துவிட்டார்.

வெண்டல் அந்தப் பத்தையும் பார்த்தார். இதைச் சுட்டு வெடிக்காமல் போனால் பண்டிதர் பட்டம் பிழைக்கும், அட்டை போகும். வெடித்தால் அட்டை வரும். ஆனால் பதினோரு நோட்டும், இருபது வருஷத் தீர்ப்புகளும், நாற்பது மைல் தொலைவில் ஒருவனை விட்டுவிட்டு வந்ததும்... அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு, வெடிக்காமல் போனால் தேவலை என்றே நினைத்தார். இத்தனைக்கும் இருபத்தெட்டு வருஷத் தவம்!

விரலால் ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்து உள்ளே போட்டார். பத்தும் மொழுமொழுவென்று உள்ளே அடங்கி இருந்தன.

ஐந்து சுட்டார். ஐந்தும் வெடித்தன. மறுபடி ஐந்து சுட்டார். ஐந்தும் வெடித்தன. சத்தத்தில் ஒரு இழுப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, டப்பு டப்பென்றுதான் கேட்டது. பலகையில் மோசமான பத்தை எண்ணியதில் தொண்ணூற்று நாலு. மொத்தம் எண்ணூற்று அறுபத்தொன்று.

கிழவர்கள் முதுகில் தட்டினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். கிளப் சமையலறையிலிருந்து ஒருவர் சில்லி என்கிற கறிக்குழம்புக் கிண்ணத்தோடு ஓடிவந்து, "வெண்டல், நீல டப்பா நல்லாயிருச்சா? வாங்கலாமா?" என்று கவலையோடு கேட்டார்.

"அது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வெண்டல் வெளியே போனார்.

ஆர்லோ ட்ரக்கில் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். வெண்டல் பக்கத்தில் போய் நின்றார்.

"எல்லாம் வெடிச்சுதுடா."

"கேட்டுச்சு."

"என் மேலதான் தப்பு. நான் சரியா அழுத்தல. உனக்கு... உனக்கு அப்பவே தெரியுமா?"

"அப்பவே தெரியும். நீ மேஜை மேல விட்டுட்டுப் போன மிச்சத் தோட்டாவத் தடவிப் பாத்தேன். பாதி முட்டிக்கிட்டு நின்னுது."

"சொல்லியிருக்கலாம்ல? பத்தொன்பது வருஷம்டா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்பவோ நான் மாஸ்டர் ஆயிருப்பேன்."

சொல்லி முடித்ததுமே தான் என்ன கேட்டுவிட்டோம் என்று வெண்டலுக்குப் புரிந்தது. வார்த்தையைத் திருப்பி வாங்க வழியில்லை. ஆர்லோ பின்கதவைச் சாத்திவிட்டு நிதானமாகத் திரும்பினார். கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் வெண்டலுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"சொல்லணும்னுதான் இருந்தேன். லூயிஸ்தான், 'விடுங்க, அவரா வருவாரு, வந்தப்புறம் சொல்லிக்கலாம்'ன்னா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உனக்குன்னு ஒரு தட்டு எடுத்து வெப்பா. ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் வெச்சா. நான் அத மறுநாள் காலையில சூடு பண்ணித் தின்பேன்."

வெண்டல் ட்ரக்கின் பின்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் ஆயிட்டல்ல," என்றார் ஆர்லோ. "நல்லா சுட்ட."

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்து இடுப்பை இரண்டு கையாலும் தூக்கிச் சரிசெய்துகொண்டு, கிளப்பினார். வெண்டல் சரளைக்கல் பாதையில் நின்று அழுதார். உள்ளே ரோண்டா மைக்கில் அவர் பெயரைச் சொல்லி, புள்ளித் தாளில் கையெழுத்துப் போட வரும்படி மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.